பெட்டி நிறைய ஐடியா வந்துவிட்டது, இனி புரொபோசல் எழுதுவது எப்படி?

கேட்டவர் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் வேலை பார்க்கும் தமிழ் ஆசிரியை. அவர் பள்ளியில் இந்த ஆண்டுதான் முதல் முறையாகப் பங்கேற்பு பட்ஜெட் வந்திருக்கிறது. பிரின்சிபல் 5,000 டாலர் ஒதுக்கி, இதை எப்படிச் செலவழிப்பது என்று மாணவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். ஐடியா போடும் பெட்டி நிரம்பி வழிகிறது. உள்ளே நீச்சல் குளமும் இருக்கிறது, "நல்ல சாப்பாடு" என்று இரண்டே சொல்லில் ஒரு சீட்டும் இருக்கிறது. இவற்றை ஓட்டுச் சீட்டில் ஏற்றுகிற மாதிரி புரொபோசலாக மாற்றப் பிள்ளைகளுக்கு எப்படி உதவுவது, நேரமோ குறைவு, பேசாமல் ஆசிரியர்களே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுக்காதீர்கள். ஐடியா சேகரிக்கும்போது எல்லோருக்கும் உற்சாகம், ஓட்டுப் போடும் நாளில் எல்லோருக்கும் கொண்டாட்டம். நடுவில் இருக்கிற இந்த இரண்டு மூன்று மாதம்தான் யாருக்கும் பிடிக்காத பகுதி. போன் போட வேண்டும், விலை கேட்க வேண்டும், "அது முடியாது" என்று சொல்கிறவரிடம் "ஏன் முடியாது" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை பொதுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கற்றுக்கொள்கிற இடம் இதுதான். இதைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டால், தாங்கள் கேட்காத நாலு பொருளில் ஒன்றுக்கு டிக் அடிப்பதுதான் பிள்ளைகளுக்கு மிச்சம்.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2013-இல் பீனிக்ஸ் யூனியன் பள்ளி மாவட்டத்தின் (அங்கே பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பு) பயோசயின்ஸ் ஹைஸ்கூலில்தான் அமெரிக்காவில் முதல் முறையாகப் பள்ளிப் பணத்தை வைத்து இதைச் செய்தார்கள். 2016-க்குப் பிறகு அதே மாவட்டத்தின் மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. ஓட்டுப் போடும் நாளில் தேர்தல் அலுவலகத்திலிருந்து உண்மையான வாக்கு இயந்திரங்களையே கொண்டுவந்து வைப்பார்கள், வயது வந்த பிள்ளைகள் அங்கேயே வாக்காளராகப் பதிவும் செய்துகொள்ளலாம். 2020-இல் அந்த மாவட்டம் பள்ளிக்குள் போலீஸ் அதிகாரி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, சுமார் 12 லட்சம் டாலரை, பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று மாணவர்களும் பெற்றோரும் ஊழியர்களும் முடிவெடுக்கட்டும் என்று இதே முறைக்கு விட்டது. அதனால் உங்கள் பள்ளியில் யாராவது "பிள்ளைகளுக்கு இதெல்லாம் அதிகம்" என்று தயங்கினால், பக்கத்து மாவட்டத்தைக் காட்டுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, முடியாததைத் தூக்கிப் போடுவது. நீச்சல் குளமா, அந்தப் பக்கம். ஏசி மெஷினா, அந்தப் பக்கம். பாதிப் பெட்டி காலி. நான் இதைச் செய்ய விடமாட்டேன், குறைந்தது முதல் கூட்டத்தில். பிள்ளைகள் சீட்டில் எழுதுவது பெரும்பாலும் ஒரு பொருளின் பெயரை. அந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு குறை இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. நீச்சல் குளம் என்று எழுதினவன் ஒருவேளை விளையாட்டுக்காக எழுதியிருக்கலாம். ஆனால் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பள்ளி திறக்கிற ஊர் உங்களுடையது. 2023-இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உச்ச வெப்பம் இறங்காத ஊர். மதியம் சாப்பிட்டுவிட்டு நிற்க நிழல் இல்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளை "நீச்சல் குளம்" என்று எழுதியிருக்கிறதோ என்னவோ. கேட்டால்தான் தெரியும்.

அதனால் முதல் கூட்டத்தில் சீட்டுகளை மேசையில் கொட்டி, புரொபோசல் எழுதப் போகிற குழுப் பிள்ளைகளை ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: இது யாருக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் இருக்கிற கஷ்டம்? எழுத முடியவில்லை என்றால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மதிய இடைவேளையில் போய் நாலு பேரிடம் கேட்டு வரட்டும். இப்படிச் செய்தால் வெவ்வேறு ஐடியா மாதிரி தெரிகிற பத்துச் சீட்டு ஒரே குறையில் வந்து சேர்வதைப் பார்க்கலாம். குடை, மரம், பந்தல், மிஸ்ட் அடிக்கிற ஃபேன், சாப்பாட்டு நேரத்தில் ஜிம்மைத் திறந்துவிடுவது எல்லாம் ஒரே கேள்விக்கு வந்த பதில்கள். இதில் கடைசியாகச் சொன்னதற்குப் பணமே வேண்டாம், பிரின்சிபல் மனது வைத்தால் போதும். இந்த மாதிரி பணம் தேவைப்படாத ஐடியாக்களைத் தனியாக ஒரு பட்டியலாக எடுத்து வையுங்கள், அதை ஓட்டுக்கு விடாமலே நிர்வாகத்திடம் கொடுத்துவிடலாம். அதில் ஒன்றிரண்டு உடனே நடந்தால் பிள்ளைகளுக்கு இந்த வேலையின் மேல் நம்பிக்கை வரும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே மாதிரி ஐடியாக்களை இணைப்பது நல்லதுதான், ஆனால் இணைக்கிறவர் கையில் பெரிய அதிகாரம் போய்ச் சேருகிறது. "நல்ல சாப்பாடு" என்கிற சீட்டையும் "ஹலால் சாப்பாடு வேண்டும்" என்கிற சீட்டையும் "உணவு" என்று ஒரே தலைப்பில் போட்டுவிட்டால், இரண்டாவதில் இருந்த விஷயம் காணாமல் போய்விடும். இணைத்தால் எழுதினவர்களிடம் (பெயர் இருந்தால்) சொல்லிவிட்டு இணைக்க வேண்டும். போர்ச்சுகல் நாட்டில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே 2017 முதல் கல்வி அமைச்சகமே இந்தத் திட்டத்தை நாடு முழுக்க நடத்துகிறது, 7-ஆம் வகுப்பு முதல் 12 வரை. தலைக்கு 1 யூரோ, சின்னப் பள்ளியாக இருந்தாலும் குறைந்தது 500 யூரோ. புரொபோசல் பிப்ரவரி கடைசிக்குள் கொடுக்க வேண்டும், மார்ச் முதல் வாரத்தில் பள்ளி ஒருங்கிணைப்பாளரும் புரொபோசல் கொடுத்த பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள், அந்தக் கூட்டத்தில்தான் திருத்துவது, இணைப்பது, வாபஸ் வாங்குவது எல்லாம். கொடுத்தவர் இல்லாமல் அவர் ஐடியாவில் கை வைப்பதில்லை. மார்ச் 24, அந்த நாட்டு மாணவர் தினம், அதையொட்டி ஓட்டு.

போர்ச்சுகல் விதியில் எனக்குப் பிடித்த இன்னொன்று: புரொபோசலை ஒருவர் தனியாகவோ அதிகபட்சம் ஐந்து பேர் சேர்ந்தோ கொடுக்கலாம், ஆனால் மாணவர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு ஆதரிக்க வேண்டும். ஆயிரம் பேர் படிக்கிற பள்ளியில் ஐம்பது கையெழுத்து. அந்த ஐம்பது பேரிடம் போய்ப் பேசும்போதே ஐடியாவில் இருக்கிற ஓட்டை எல்லாம் வெளியே வந்துவிடும். உங்கள் பள்ளியில் இதை விதியாக வைக்காவிட்டாலும் பழக்கமாக வைக்கலாம்.

இப்போது விலை. இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் மாட்டிக்கொள்ளும். பிள்ளைகள் ஆன்லைனில் பார்த்து ஒரு விலையை எழுதிவிடுவார்கள், அது பொருளின் விலை மட்டும்தான். பள்ளிக்குள் ஒரு பொருள் வந்து உட்கார்ந்து வேலை செய்ய ஆகிற செலவு வேறு. இதை வாயால் சொன்னால் புரியாது, ஒரு ஐடியாவை எடுத்து முழுக்கப் போட்டுக் காட்ட வேண்டும். நான் வழக்கமாக எடுத்துக்கொள்வது மைக்ரோவேவ். ஏறக்குறைய எல்லாப் பள்ளிப் பெட்டியிலும் வரும் ஐடியா இது, வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிற பிள்ளைகள் கேட்பது, நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு (ஆறிப்போன சாம்பார் சாதத்தை யார் சாப்பிடுவது). இருப்பது ஒரே மைக்ரோவேவ், வரிசையில் நின்றே மதிய இடைவேளை முடிந்துவிடுகிறது, நாலு வாங்கி கேஃப்டீரியாவில் வைத்தால் என்ன?

நாலு மைக்ரோவேவ் வாங்கப் பணம் இருக்கிறது. சரி, எங்கே சொருகுவது? 1,000 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும் மைக்ரோவேவ் சாப்பாட்டுக்குள் அனுப்புவதுதான் 1,000 வாட், சுவரிலிருந்து இழுப்பது 1,500 பக்கம். அமெரிக்காவில் சாதாரண பிளக் 120 வோல்ட். அந்த லைன் 15 ஆம்பியராக இருந்தால் மொத்தமே 1,800 வாட் தாங்கும், 20 ஆம்பியர் என்றால் 2,400. ஒரே லைனில் இரண்டு மைக்ரோவேவ் ஓடினால் 3,000. பிரேக்கர் விழுந்துவிடும். அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் தனி லைன் இழுக்க வேண்டும். அதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும், மாவட்டத்தின் எலக்ட்ரீஷியனா வெளியாளா என்று தெரிய வேண்டும், பேனலில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயர் இழுக்கிற செலவு நாலு மைக்ரோவேவின் விலையையே தாண்டிவிடலாம். அப்புறம் தினமும் யார் துடைப்பது, உள்ளே கொட்டின சீஸை யார் சுரண்டுவது?

இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்று பிசிக்ஸ் வகுப்பில் படித்ததுதான். பிறகு அவர்களே கேஃப்டீரியாவில் சுற்றிப் பார்த்து எந்த பிளக் எந்த பிரேக்கரில் இருக்கிறது என்று கஸ்டோடியனிடம் (பள்ளிக் கட்டடத்தைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்கிறவர்) கேட்கட்டும். கேட்டுவிட்டு வருகிற குழு பெரும்பாலும் ஐடியாவைக் கைவிடுவதில்லை, மாற்றிக்கொண்டு வரும். நாலுக்குப் பதிலாக இரண்டு, ஒன்று கேஃப்டீரியாவின் இந்தக் கோடியில், இன்னொன்று வேறு லைன் ஓடுகிற எதிர்க் கோடியில், துடைக்கும் முறையை ஒரு கிளப் எடுத்துக்கொள்ளும். நீங்கள் முதல் நாளே "கரண்ட் தாங்காது, வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது.

கஸ்டோடியனைச் சொன்னேன். பள்ளியில் இந்த வேலைக்கு மிக முக்கியமான ஆள் அவர்தான், பிரின்சிபல் கூட இல்லை. எந்தக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது, போன முறை நட்ட மரம் ஏன் பட்டது, எந்தச் சுவரில் ஆணி இறங்காது எல்லாம் அவருக்குத் தெரியும். அவரையும், கேஃப்டீரியா மேனேஜரையும், மாவட்டத்தில் கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் ஆளையும், ஆபீசில் பர்ச்சேஸ் ஆர்டர் போடுகிறவரையும் ஒரே நாளில் வகுப்புக்கு அழைத்து, குழுக்களை வரிசையாக அவர்களிடம் அனுப்புங்கள். நாலு மேசை, மேசைக்குப் பதினைந்து நிமிடம். பிள்ளைகள் கேள்வியை எழுதிக்கொண்டு போக வேண்டும். வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்: "முடியாது" என்று மட்டும் சொல்லாமல், எது நடந்தால் முடியும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பர்ச்சேஸ் பார்க்கிறவரை விட்டுவிடாதீர்கள். பள்ளிகள் பெரும்பாலும் ஒப்புதல் பெற்ற வியாபாரிகளிடமிருந்துதான் வாங்க முடியும், பிள்ளைகள் ஆன்லைனில் கண்டுபிடித்த மலிவான கடை அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். கொட்டேஷன் வாங்கும்போது டெலிவரி, வரி, பொருத்துகிற கூலி எல்லாம் சேர்த்துத்தானா என்று கேட்கப் பழக்குங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டுவிடுவது நல்லது, ஓட்டுப் போட்டு வாங்கப் போகும் நேரத்தில் விலை ஏறியிருக்கும்.

வாங்கின பிறகு வருகிற செலவு இன்னொன்று. பங்கேற்பு பட்ஜெட் பணம் பொதுவாக ஒரு தடவைப் பணம், ஆண்டுதோறும் வருகிற செலவை அதிலிருந்து கட்ட முடியாது. வாட்டர் பாட்டில் நிரப்பும் மெஷின் உங்கள் ஊர் வெயிலுக்கு அருமையான ஐடியா, ஆனால் அதில் ஃபில்டர் உண்டு, பரவலாக விற்கிற ஒரு வகை 3,000 கேலனுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒரு ஹைஸ்கூலில் அது எத்தனை நாளில் தீரும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மாற்று ஃபில்டரை யார் கணக்கில் வாங்குவது என்று நிர்வாகம் எழுத்தில் சொல்லாவிட்டால், இரண்டாவது ஆண்டு ஃபில்டரை மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மரமும் அப்படித்தான். கன்று வாங்குவது சுலபம், ஜூன் ஜூலையில் பள்ளி பூட்டியிருக்கும்போது பீனிக்ஸ் வெயிலில் தண்ணீர் ஊற்றுவது யார்? சொட்டு நீர்க் குழாய் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நட்டால் ஐடியா பிழைக்கும், கண்ணுக்கு அழகான இடத்தில் நட்டால் செத்துப்போகும்.

பணத்துக்கு அடங்காத ஐடியாவை என்ன செய்வது? நிழல் பந்தல் 5,000 டாலருக்குள் வராது, அஸ்திவாரம், எஞ்சினியர் கையெழுத்து, பெர்மிட் எல்லாம் உண்டு. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சின்னதாக்குவது: பந்தலுக்குப் பதிலாக நாலு பெரிய குடையும் கனமான அடித்தளமும். இரண்டாவது, பாஸ்டன் பிள்ளைகள் செய்தது. 2014-இல் அந்த நகரம் 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் கையில் 10 லட்சம் டாலரைக் கொடுத்தது. ஜெயித்த திட்டங்களில் ஸ்கேட்போர்டு பூங்கா இல்லை, அப்படி ஒரு பூங்காவை எங்கே எப்படிக் கட்டலாம் என்று ஆராய்கிற ஆய்வு இருந்தது. நகராட்சிக்கு இது சரிப்படும். பள்ளியில் நான் முதல் வழியைத்தான் சொல்வேன், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு ஆய்வறிக்கையைக் காட்டி "நீ ஜெயித்துவிட்டாய்" என்று சொன்னால் நம்பாது, நம்பவும் கூடாது. உங்கள் தொகை சின்னதே என்று கவலை வேண்டாம், நியூயார்க்கில் 2018-இல் மேயர் எல்லா அரசு ஹைஸ்கூலுக்கும் இதை அறிவித்தபோது பள்ளிக்கு 2,000 டாலர்தான்.

எழுதும் வேலை உண்மையில் கடைசியில்தான் வருகிறது, அது சின்ன வேலை. புரொபோசல் ஒரு பக்கம் போதும். என்ன குறை, யாருக்கு, அது நமக்கு எப்படித் தெரியும் (எத்தனை பேரிடம் கேட்டோம், எங்கே எண்ணினோம்), என்ன செய்யப் போகிறோம், எங்கே வைக்கப் போகிறோம், மொத்தச் செலவு என்ன, யார் பார்த்துக்கொள்வார்கள். ஃபாரத்தை நீட்டாதீர்கள். எட்டுப் பக்கம் ஃபாரம் கொடுத்தால் ஆங்கிலம் நன்றாக எழுதுகிற பிள்ளைகளின் ஐடியா மட்டும் மிஞ்சும். உங்கள் ஊரில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகள் நிறைய. அவர்கள் ஸ்பானிஷில் சொல்ல, குழுவில் இன்னொருவர் எழுதட்டும். சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைகளை "கருத்து கேட்பதோடு" நிறுத்தாமல் குழுவிலேயே சேருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பிள்ளை குழுவில் இருந்தால், பாட்டில் நிரப்பும் மெஷினை எந்த உயரத்தில் வைப்பது என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும்.

நீங்கள் பிழை திருத்தலாமா? எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். வாக்கியத்தை அழகாக்காதீர்கள். பிள்ளைகள் எழுதினது மாதிரி இருந்தால்தான் மற்றப் பிள்ளைகள் படிப்பார்கள். "இடைவேளை முப்பது நிமிடம், வரிசை இருபது நிமிடம்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள், நான் பார்த்த புரொபோசல்களிலேயே சிறந்த முதல் வரி அதுதான். அதை யாராவது "மதிய உணவு நேர மேலாண்மையை மேம்படுத்துதல்" என்று மாற்றியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

ஓட்டுக்கு எத்தனை புரொபோசல் போவது என்று பிள்ளைகள் குழுவே முடிவெடுக்கட்டும். நாலிலிருந்து எட்டு வரை வைத்துக்கொண்டால் ஓட்டுப் போடுகிறவர் எல்லாவற்றையும் படிப்பார். எதை விடுவது என்பதற்கு அளவுகோலை முன்னாலேயே சுவரில் ஒட்டிவிடுங்கள்: தேவை எவ்வளவு, எத்தனை பேருக்குப் பயன், பணத்துக்குள்ளும் பள்ளி அதிகாரத்துக்குள்ளும் முடியுமா, வழக்கமாக விடுபட்டுப் போகிறவர்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா. ஒவ்வொரு புரொபோசலுக்கும் இதே நாலு கேள்வி, இதே மதிப்பெண், ஃபுட்பால் டீம் பையன்கள் கொண்டுவந்ததற்கும் இதேதான். விலக்கின ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுங்கள். தன் ஐடியா ஏன் வரவில்லை என்று தெரியாத பிள்ளை அடுத்த ஆண்டு பெட்டி பக்கம் வராது.

மாவட்டத்திடம் அந்தப் பட்டியலை ஓட்டுக்கு முன்னாடியே காட்டி, "இதில் எது ஜெயித்தாலும் செய்வீர்களா" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஜெயித்த பிறகு "இதற்கு அனுமதி இல்லை" என்று வருவதுதான் இந்த முறையில் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம். வாங்குகிற தேதியையும் அதே காகிதத்தில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று, குழு அமைக்கும்போதே கவனிக்க வேண்டியது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ஆர்வமாக முன்னால் வருவார்கள், நன்றாகவும் செய்வார்கள், மே மாதம் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். ஓட்டு வசந்த காலத்தில் முடியும், பொருள் வருவது அடுத்த கல்வியாண்டில். அப்போது "எங்கே அந்த மைக்ரோவேவ்" என்று ஆபீசில் போய்க் கேட்க ஆள் வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் போடுங்கள், கொட்டேஷன், போன் நம்பர், யார் என்ன சொன்னார்கள் என்கிற குறிப்பு எல்லாம் இருக்கிற ஃபோல்டர் அவர்கள் பெயரிலும் இருக்கட்டும்.